இரண்டாம் பாகத்தை நான் சொல்கிறேன்

தாழ்வுபாடு, மன்னார்
12 செப்ரெம்பர் 2023

யேசு மரி சூசை துணை

தங்கச்சி செலீனாவுக்கு அக்கா றோசம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பேத்தி நிருஷாவும் அவள் புருசனும் மாதாவின் புண்ணியத்தில் சுகம். உன் சர்க்கரை எப்படி? முழங்கால் மடங்குகிறதா? உன் பேத்தி ஜெசிக்காவுக்குக் கலியாணப் பேச்சு ஏதும் சரிவந்ததா?

போன் இருக்க ஏன் கடதாசி என்று போன முறையும் கேட்டிருந்தாய். போனில் பேசினது காற்றோடு போய்விடும். அம்மாவின் செத்தவீட்டுக்கு வருவதாகப் போனில் சொல்லிவிட்டு, பிறகு, "நான் எப்பயக்கா அப்பிடிச் சொன்னனான்?" என்று கேட்டவள் நீ. கடதாசி என் றங்குப்பெட்டிக்குள் கிடக்கும். நீ மறுக்க ஏலாது.

இப்போது ஒரு விசேஷம். பக்கத்து வளவுச் சுபாஜினி, என்னை மாமி என்று கூப்பிடுகிறவள், கொழும்பிலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுப்பித்திருக்கிறாள். உங்கள் தமிழ்நாட்டில் அடித்தது. 'உப்புத் தோள்' என்று பெயர். எழுதினவள் செந்தாழையாம். அட்டையில் ஒரு ஆம்பிளையின் முதுகு. உள்ளே முக்கால்வாசி கட்டில் விசயம்தான். பந்தலில் நாங்கள் கருவாட்டுக்கு மீன் வெட்டும்போது அவள் கையைக் கழுவிவிட்டு இருந்து வாசிப்பாள். நாங்கள் வெட்டிக்கொண்டே கேட்போம்.

நீ பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கதை. நிருஷா காதைப் பொத்துவாள், ஆனால் விரலை விரித்துத்தான் பொத்துவாள். சுபாஜினி சொல்கிறாள், "மாமி, இவ்வளவு காலமாப் பொம்பிளையள் அழுகிற கதைதான் வாசிச்சனான். இதிலதான் ஒருத்தி எனக்கு வேணும் எண்டு வாய் திறந்து சொல்லுறாள்." கோயில் மூப்பர் சிங்கராசா மீன் வாங்க வந்தவர், "இது புத்தகமில்லை, சாக்கடை. சுவாமியிட்டச் சொல்லிப்போடுவன்" என்று கத்தினார். "அப்ப ஏன் மூப்பர் இவ்வளவு நேரமா வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? வேலி சரியப்போகுது" என்றேன். போய்விட்டார். அடுத்த நாளும் மீன் வாங்க வந்தார்.

கதை இதுதான். ஒரு கடல்தொழில் செய்கிறவன். அவன் பெண்சாதி மரக்கட்டை. அவளின் தங்கச்சி நெருப்பு. அவனுக்கும் தங்கச்சிக்கும் பிடித்துவிடுகிறது. நான் தங்கச்சி பக்கம். அந்த மூத்தவள் இருக்கிறாளே, புருசன் கடலால் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு நல்லா வேணும் என்று பந்தலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது. உங்கள் பக்கத்துப் புத்தகம்தானே, நீயும் வாசித்தாயா? உன் எண்ணம் என்ன?

மடுமாதா உன் வீட்டை நிழலில் வைத்திருக்கட்டும்.

அக்கா
றோசம்மா

*

திருச்சி
3 அக்டோபர் 2023

இயேசுவுக்கே புகழ்

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் தங்கை செலீனா வணங்கி எழுதுவது. சர்க்கரை கூடியும் குறைந்தும் இருக்கிறது. முழங்கால் மழைக்கு வலிக்கிறது. நீங்கள் வெயிலில் நின்று மீன் வெட்டுவதைக் கேட்க மனது கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் புத்தகம் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்கா, அது வேண்டாம். இங்கே எங்கள் கோயிலில் செபத்துக்குக் கூடும் பெண்களின் மரியாயின் சேனைக்கு நான்தான் தலைவி. அதை யாரும் வீட்டில் வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அப்படியும் ஒருத்தி தலையணை உறைக்குள் வைத்திருந்து பிடிபட்டாள். நம் வயதுக்கு அது தேவையா? அக்டோபர் மாதம், செபமாலை மாதம். சுபாஜினியிடமிருந்து வாங்கி அடுப்பில் வைத்துவிடுங்கள். அசிங்கம். முழுக்க முழுக்கக் கற்பனை. இப்படிப் பெண்களும் இல்லை, இப்படி ஆண்களும் இல்லை.

ஜெசிக்காவுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. எப்போதும் கம்ப்யூட்டர் முன்னால்தான். நிருஷாவுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்.

உங்கள் அன்புத் தங்கை
செலீனா

பி.கு.: எந்த அத்தியாயம் வரை வாசித்திருக்கிறீர்கள்?

*

தாழ்வுபாடு
6 நவம்பர் 2023

செலீனாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

புத்தகத்தை எரிக்கவில்லை. எந்த அத்தியாயம் வரை என்று கேட்டிருந்தாய். இந்த இடம் வரை.

கடலால் வந்தவன் கிணற்றடிக்குப் போகாமல் உடம்பில் உப்போடு கதவடியில் வந்து நிற்கிறான். நிலையில் விரலால் தட்டி, "வரலாமோ?" என்று கேட்கிறான். உள்ளே இருக்கிறவள், "ஆர்?" என்கிறாள். "உப்பு விக்க வந்தனான்" என்கிறான். "நல்ல உப்போ எண்டு பாத்துத்தான் வாங்குவன்" என்று அவள் கதவைத் திறந்து அவன் தோளில் வாயை வைக்கிறாள்.

சுபாஜினி அதோடு நிறுத்திவிட்டு, "மாமி, இப்பிடிக் கேட்டு வாற ஆம்பிளை உலகத்தில இருப்பானோ?" என்றாள். நிருஷா காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். என் கத்தி வாளை மீனை விட்டு என் விரலில் இறங்கியது.

இருந்தான். பெனடிக்ற் என்று பெயர். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் கடலோடு போன நாள் வரை என் கதவடியில் அவர் கேட்ட சொல் அது. நான் சொன்ன மறுமொழி அது. நான் ஒருத்தரிடமும் அதைச் சொன்னதில்லை. சொன்னதை மறக்கிறவள் நான் இல்லை, உனக்குத் தெரியும். அப்படியென்றால் அவர் வேறு ஒரு கதவடியிலும் நின்று கேட்டிருக்க வேண்டும்.

புத்தகத்தில் அது தங்கச்சியின் கதவு. நீ கலியாணம் முடிக்கும் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாய்.

போன கிழமை கல்லறைத் திருநாள். உடல் கிடைக்காத மனுசனுக்குச் சேமக்காலையில் வெறும் சிலுவைதான். இடம்பெயர்ந்து போன காலத்திலும், திரும்பி வந்து பற்றைக்குள் அந்தச் சிலுவையைத் தேடி நட்ட பிறகும், அவருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் நான் ஒரு வருசமும் விட்டதில்லை. இந்த வருசம் கொளுத்தவில்லை. ஊர் முழுக்க வெளிச்சத்தில் நிற்க அவர் சிலுவை மட்டும் இருட்டில் நின்றது. "றோசம்மா, மறந்துபோனியோ?" என்று மூப்பர் கேட்டார். "மறக்கிற ஆள் நானில்லை மூப்பர்" என்றேன்.

செந்தாழை ஆர்? உனக்குத் தெரியும். எழுது.

றோசம்மா

*

திருச்சி
14 ஜனவரி 2024

அன்புள்ள பெரியம்மம்மாவுக்கு,

செலீனா அம்மம்மாவின் பேத்தி ஜெசிக்கா எழுதுகிறேன். நீங்கள் நலமா? மீன் வெட்டும் கைக்கு ஓய்வு கொடுக்கிறீர்களா? நாளைக்குப் பொங்கல். தெருவெல்லாம் கரும்பாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மம்மாவுக்கு உடம்பு சரியில்லை. என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டால் சொல்லவும் இல்லை, கடிதத்தைக் காட்டவும் இல்லை. பதில் போடாமல் இருப்பது மரியாதையில்லை என்று நானே எழுதுகிறேன்.

உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம். செந்தாழை நான்தான். அம்மம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தபோது அம்மம்மா தன் கதையைச் சொன்னார். பெனடிக்ற் தாத்தா மேல் தனக்கிருந்த நேசம், அவர் வந்து கதவைத் தட்டியது, அந்த உப்பு விளையாட்டு, எல்லாம். அழுதுகொண்டே சொன்னார். உங்களுக்கு அப்போதே தெரியும் என்றும், நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டு உங்கள் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு வந்தது தெரியுமா! கதையில் அக்காவைக் கொஞ்சம் மரக்கட்டையாக எழுதிவிட்டேன். அம்மம்மா அப்படித்தான் சொன்னார். கோபிக்காதீர்கள்.

வாசகர்கள் என்னென்னவோ எழுதுகிறார்கள். "எங்க அம்மாவுக்குத் தெரியாம படிச்சேன், அப்புறம் பார்த்தா எங்க அம்மா எனக்குத் தெரியாம படிச்சிட்டிருந்தாங்க" என்று ஒரு பெண். "இதை எழுதின கை புழுத்துப் போகும்" என்று ஒரு பெரியவர். நர்ஸ் ஒருத்தர், வார்டில் இரவல் சுற்றிச் சுற்றி அட்டையே கிழிந்துவிட்டது என்கிறார். திட்டுகிறவர்களும் கொண்டாடுகிறவர்களும் கேட்பது ஒன்றுதான், இரண்டாம் பாகம் எப்போது? இந்த முறை போனில் வாராவாரம் தொடராக வரப்போகிறது. ஆனால் அதற்குமேல் அம்மம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அக்காவின் பக்கத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்வீர்களா?

அன்புடன்
ஜெசிக்கா

*

தாழ்வுபாடு
9 பெப்ரவரி 2024

யேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஜெசிக்காவுக்குப் பெரியம்மம்மா முத்தம் தந்து எழுதுவது. உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. நேரத்துக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைக் கெடுக்காதே.

நான் மன்னித்துவிட்டேன் என்று உன் அம்மம்மா சொன்னாளா? நல்லது. அவள் சொன்னபடியே இருக்கட்டும்.

இரண்டாம் பாகத்தை நான் சொல்கிறேன். நீ எழுது.

முதலில் அந்த மூத்தவளை எழுப்பு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் நித்திரை என்று உனக்கு ஆர் சொன்னது? அவள் கண்ணை முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது.

தங்கச்சியை உடனே விழுத்தாதே. சனம் அவளை இன்னும் கொஞ்சம் விரும்பட்டும். பிறகு சின்னச் சின்னதாக எடுத்துக் காட்டு. அக்காவின் கலியாணச் சேலையை ஒளித்து உடுத்துக் கண்ணாடி பார்த்தவள். அக்காவுக்கென்று அப்பா வைத்த பனங்காய்ப் பணியாரத்தைத் தின்றுவிட்டு நாயின் மேல் பழி போட்டவள். நாய்க்கு அடி விழுந்தது. அதைக் கட்டாயம் எழுது, சனம் நாய்க்கு இரங்கும். தாய் செத்தபோது வராதவள். பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுகிறவள். இதெல்லாம் உண்மை. உண்மையை எழுதினால்தான் குத்தும்.

கட்டில் விசயத்தைக் குறைக்காதே. சனம் அதற்குத்தான் வரும். வந்த சனம் அங்கே நின்று அவளுக்குக் கல்லெறியட்டும்.

அந்த மனுசனைக் கடலுக்குக் கொடுத்துவிடு. அவன் கள்ளன். இரண்டு வீட்டில் ஒரே உப்பை விற்றவன். அவன் சிலுவைக்கு ஒருத்தரும் திரி கொளுத்த வேண்டாம். அவன் நல்லவன் என்று ஒரு சொல்லும் வரப்படாது.

நான் சொன்னேன் என்று அம்மம்மாவுக்குச் சொல்லாதே. அவள் கிழமைக்குக் கிழமை வாசித்து அறியட்டும்.

உனக்கு நல்ல இடத்தில் கலியாணம் பொருந்த மன்றாடுகிறேன்.

உன்
பெரியம்மம்மா

*

திருச்சி
20 மே 2024

இயேசுவுக்கே புகழ்

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே வெயில் கொளுத்துகிறது. சர்க்கரை மிகவும் கூடிவிட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா, குழந்தையிடம் என்ன சொன்னீர்கள்? கேட்டால் சிரிக்கிறாள்.

இப்போது யாரும் அதை ஒளித்து வாசிப்பதில்லை. பாவத்துக்குத் தண்டனை காட்டுகிற கதை, நல்ல கதைதான் என்று எங்கள் சேனைப் பெண்களே முடிவு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் செபம் முடிந்ததும் ஒருத்தி போனை எடுத்துச் சத்தமாக வாசிக்கிறாள். நான் தலைவி, எழுந்து போக முடியாது. போன வாரம் பணியாரமும் நாயும் வந்தது. "இவள்லாம் ஒரு பொம்பளையா? வாயில்லா ஜீவனை அடிக்க வெச்சாளே, அதுக்கே இவளுக்கு நரகம்தான்" என்றாள் ஒருத்தி. "முதல் பாகத்துல இவளுக்காக நான் அழுதேன், அந்தக் கண்ணீரைத் திருப்பிக் குடுக்கச் சொல்லணும்" என்றாள் இன்னொருத்தி. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்து, "தலைவி, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்கள்.

"ஆமா, நரகம்தான்" என்றேன். என் வாயால் சொன்னேன் அக்கா. சொல்லும்போது என் கை காதில் இருந்தது. நேற்று வாசித்த பகுதியில் அந்தக் காதும் வந்துவிட்டது.

போதும் அக்கா. நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

செலீனா

*

தாழ்வுபாடு
11 யூன் 2024

செலீனாவுக்கு,

சுகம். சர்க்கரைக்கு நட. நடந்தால் குறையுமாம்.

இங்கே நிருஷாவின் போனில் சுபாஜினி வாசிக்கிறாள். மூப்பர் இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்து கேட்கிறார். "அவளைச் சும்மா விடப்படாது" என்று போன கிழமை தொடையில் அடித்துச் சொன்னார். சாக்கடை என்றவர்தான்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அவர் உன் கதவடியில் வந்து நின்றாரா இல்லையா?

நீ எழுதும் வரைக்கும் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் நிறையக் கிடக்கிறது. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

றோசம்மா

*

திருச்சி
16 ஆகஸ்ட் 2024

அக்கா,

நேற்று மடுமாதா திருநாள். உங்களை நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். உடல்நலம் கேட்க மனது வரவில்லை. மன்னியுங்கள்.

அத்தான் என் கதவடியில் நின்றதில்லை. என்னை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. நான் பார்த்தேன், அது உண்மை. அவர் கடலால் வரும்போது கிணற்றடியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். அவர் என்னைத் தாண்டி உங்கள் கதவுக்குப் போவார். அவ்வளவுதான் எனக்கு.

நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதினீர்கள். சொன்னீர்கள் அக்கா. என்னிடம். அத்தான் போன அடுத்த வருசம் நாம் இடம்பெயர்ந்து மடுக் கோயிலடியில் மரத்துக்குக் கீழே கிடந்தோமே, அங்கே உங்களுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. உங்களுக்கு நினைவே இல்லை. பகலெல்லாம் பிதற்றினீர்கள். "ஆர்? ஆர்?" என்று கேட்பீர்கள். "நல்ல உப்போ" என்று சிரிப்பீர்கள். என் தோளைப் பிடித்து இழுத்து, அத்தான் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னீர்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லாததெல்லாம் சொன்னீர்கள். ஈரத்துணி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் இராசேந்திரம் உங்களுக்குத் தெரிந்த மனிதர்தான். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஆனால் சாகும் வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. விளக்கை அணைப்பார், அவ்வளவுதான். இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கதவை நினைப்பேன். வருசம் போகப்போக அது உங்கள் கதவா என் கதவா என்று எனக்கே குழம்பிவிட்டது. ஜெசிக்கா ஒருநாள், "அம்மம்மா, உங்களை யாராவது காதலிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் கதையை என்னுடையதாக்கிச் சொன்னேன். அது பொருந்த வேண்டுமே, அதற்காக உங்களை மரக்கட்டையாக்கினேன்.

இதை ஜெசிக்காவிடம் சொல்லாதீர்கள். நான் பாவி என்றே அவள் நினைக்கட்டும். அப்படி நினைத்துத்தான் என்னை ஆசையோடு பார்க்கிறாள். ஒருத்தனும் ஒரு நாளும் கேட்காதவள் என்று தெரிந்தால் அவள் பார்க்கப்போகும் பார்வையை என்னால் தாங்க முடியாது. வேறு எந்தத் தண்டனையும் தாருங்கள். இது வேண்டாம்.

செலீனா

*

தாழ்வுபாடு
8 செப்ரெம்பர் 2024

யேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஜெசிக்காவுக்குப் பெரியம்மம்மா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? எனக்குச் சில நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது பரவாயில்லை.

நீ எழுதினது அவ்வளவும் பிழை. நான் சொல்லித் தந்ததும் பிழை.

அந்த மனுசன் கள்ளன் இல்லை. ஒரு கதவைத் தவிர இன்னொரு கதவை அவர் தட்டினதில்லை. அந்தக் கதவு என்னுடையது. உப்புத் தோள் என்னுடையது. நீ எழுதின கட்டில் எல்லாம் என்னுடையது. மரக்கட்டையாம்! உன் புத்தகத்தில் சனம் பெருமூச்சு விட்ட இடமெல்லாம் நான் இருந்த இடம்.

மடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் பிதற்றினேன். பக்கத்தில் இருந்து கேட்டவள் உன் அம்மம்மா. கேட்டதை எடுத்துத் தனக்கு உடுத்திக்கொண்டாள். அவளை ஒருத்தனும் விரும்பினதில்லை. இராசேந்திரம் கூட ஒரு சொல் கேட்டதில்லை. அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள்.

இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கெஞ்சியிருக்கிறாள். அதையும் உனக்குச் சொல்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் உன் கதை வாசித்த அவ்வளவு சனத்துக்கும் பெனடிக்ற் கள்ளன். சொன்னால் அவள் ஒன்றுமில்லாதவள். இரண்டில் ஒன்றுதான் ஏலும். நான் என் மனுசனை எடுக்கிறேன்.

எழுது. கடைசிப் பகுதியில் உள்ளது உள்ளபடி எழுது. அவருடைய சிலுவைக்குத் திரி கொளுத்து. தங்கச்சியை மரத்துக்குக் கீழே இருத்தி, அக்காவின் பிதற்றலைக் களவாகக் கேட்கிற மாதிரி எழுது. வாசிக்கிற சனம் காறித் துப்ப வேணும்.

பெரியம்மம்மா

*

திருச்சி
10 நவம்பர் 2024

அன்புள்ள பெரியம்மம்மா,

நலமா? இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல நாள் வைத்திருந்தேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். தாத்தாவின் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அக்காதான் நெருப்பு என்று எழுதினேன். தங்கையை மரத்தடியில் உட்கார வைத்தேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

ஆனால் யாரும் காறித் துப்பவில்லை, பெரியம்மம்மா. முதல் பாகத்துக்கு வந்ததைவிடப் பல மடங்கு கடிதம். எல்லாம் அந்தத் தங்கைக்கு. "என் வீட்டிலும் விளக்கு மட்டும்தான் அணையும்" என்று பேர் போடாமல் எழுதுகிறார்கள். "இந்தக் கதையைப் படிக்கிறவங்க எல்லாரும் அந்த மரத்தடியிலதான் உட்கார்ந்திருக்கோம். நம்ம யாருக்கு நடந்தது? அடுத்தவங்க கட்டிலைத்தானே கேட்டுக்கிட்டிருக்கோம்" என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். கை புழுக்கும் என்று சாபமிட்ட பெரியவர் கூட எழுதினார். இரண்டே வரி. செத்துப்போன தன் மனைவியைத் தான் எதுவுமே கேட்டதில்லையாம்.

அம்மம்மா முதலில் கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சேனைப் பெண்கள் கடைசிப் பகுதியை வாசித்தபோது மூலையில் உட்கார்ந்திருந்தாராம். வாசித்து முடித்ததும் யாரும் திட்டவில்லை. தலையணை உறைக்குள் புத்தகம் ஒளித்துவைத்தவர், "அந்தத் தங்கச்சி நான்தாங்க" என்றாராம். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் அம்மம்மா, "நானும்தான்" என்றாராம். யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.

நீங்கள் நினைத்தபடி நடக்கவில்லை என்று தெரியும். உங்களிடம் கேட்காமல் அந்த இரவுகளை எழுதியதற்கு என்னை மன்னிப்பீர்களா?

ஜெசிக்கா

*

தாழ்வுபாடு
2 டிசம்பர் 2024

யேசு மரி சூசை துணை

செலீனாவுக்கு,

நான் சுகம். நிருஷா குளிக்காமல் இருக்கிறாள், வயிற்றில் மூன்று மாதம். உன் சர்க்கரை குறைந்ததாக ஜெசிக்கா நிருஷாவுக்குப் போனில் சொன்னாளாம். உன் பேத்தி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவள் சின்னப்பிள்ளை, அவளோடு எனக்குக் கணக்கில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அவருக்குத் திரி கொளுத்தினேன். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினேன். அணைய அணைய நின்று கொளுத்தினேன்.

பந்தலில் கடைசிப் பகுதி வாசித்தார்கள். பாதியில் சுபாஜினி போனை நீட்ட நிருஷா வாங்கி வாசித்தாள். மூப்பர் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "பாவம், அந்தத் தங்கச்சிப் பிள்ளை" என்றார். தொடையில் அடித்தவர்தான். நான் ஒருத்திதான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "மாமி, உங்களுக்குக் கல்லு மனசோ?" என்று சுபாஜினி கேட்டாள். "அந்த மூத்தவளுக்கு ஒருத்தரும் அழயில்லையோ?" என்று நான் கேட்டேன். "அவளுக்கென்ன மாமி, அவள் கேட்டு வாங்கி வாழ்ந்தவள்தானே" என்றாள். அந்த மூத்தவள் அவளுக்கு முன்னால் இருந்து வாளையின் குடலை எடுத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

எல்லாச் சனமும் உன் பக்கம் போய்விட்டது. நான் உன்னை விழுத்தக் கிண்டின குழியில் உனக்குக் கதிரை போட்டு இருத்தியிருக்கிறார்கள். இருந்துகொள். ஆனால் என் கணக்கு வேறு. நீ களவெடுத்தது கூடப் பெரிதில்லை. ஏறத்தாழ ஒரு வருசம் நான் அவரை வெறுத்தேன், செலீனா. உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் வெறுக்காத மனுசனை, செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு, விடிந்தால் வெறுப்பு, பொழுதுபட்டால் வெறுப்பு என்று வைத்திருந்தேன். அவர் படத்தை அலுமாரிக்குள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதை நீ எனக்கு எதைக் கொண்டு திருப்பித் தருவாய்?

அம்மாவின் செத்தவீட்டை மறக்கவில்லை. பணியாரத்தை மறக்கவில்லை. இதையும் மறக்கமாட்டேன். உனக்கு முன்னே நான் செத்தால் பெட்டிக்குள்ளும் கொண்டுபோவேன்.

இன்னும் ஒன்று கிடக்கிறது. அந்த மரத்துக்குக் கீழே எங்களைச் சுற்றி எத்தனை பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது என்று பிறகு சனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னையும் நீ போக விட்டிருக்கலாம். விட்டிருந்தால் என் இரவுகள் என்னோடு மண்ணுக்குள் போயிருக்கும், ஒருத்தரும் தொட்டிருக்க ஏலாது. நீ விடவில்லை. பக்கத்தில் இருந்து, வாயைத் திறக்க வைத்து, கசப்பு மருந்து பருக்கி, என்னை எழுப்பி இருத்திவிட்டுத்தான் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினாய்.

அதற்கும் உன்னை நான் மன்னிக்கவில்லை.

உன் அக்கா
றோசம்மா